கடன் அட்டையும் சிக்கனமும்: சுழல்கடன், வட்டி உச்சவரம்பு, குறைந்தபட்சத் தவணை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கடன் அட்டையின் நிலுவையை அடைக்க இயலாமை பெரும்பாலும் தனிமனிதரின் ஊதாரித்தனமாகவே கருதப்படுகிறது. அட்டைக் கடனின் வட்டி, குறைந்தபட்சத் தவணை ஆகியவை அமெரிக்காவில் 1950 முதல் மாறிவந்த வரலாற்றையும், இந்தியாவில் அதற்கு இணையாக நிகழ்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சிக்கனத்தால் மிச்சமாகும் பணம் அசலைச் சென்றடையும்போதுதான் கடன் தீரும். அது அசலைச் சென்றடைவது கடனின் விதிமுறைகளைப் பொறுத்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கடன் அட்டை, சுழல்கடன், சிக்கனம், வட்டி உச்சவரம்பு, குறைந்தபட்சத் தவணை

1. முன்னுரை

கடனையும் சிக்கனத்தையும் ஒழுக்கத்தின் இரு முனைகளாகக் காணும் மரபு அமெரிக்காவில் வலுவானது. பெஞ்சமின் பிராங்கிளின் 1758இல் வெளியிட்ட சிக்கன அறிவுரைகள் தலைமுறைகளாகப் படிக்கப்பட்டன. அவர் பிறந்த ஜனவரி 17ஐத் தொடக்க நாளாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேசியச் சிக்கன வாரமும் கொண்டாடப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் அக்கொண்டாட்டம் மங்கியது. வங்கிகளின் கடன் அட்டை நாடு முழுதும் பரவத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். அறிவுரை மங்கியதால் மட்டும் கடன் பெருகியது எனக் கொள்ள இயலாது. கடனின் அமைப்பே அக்காலத்தில் மாறியது.

2. முழுத்தொகை அட்டையிலிருந்து சுழல்கடனுக்கு

1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையில், மாத இறுதியில் வரும் தொகையை உறுப்பினர் முழுமையாகச் செலுத்த வேண்டும். அதில் நிலுவை அடுத்த மாதத்திற்கு நகர இடமில்லை. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 அட்டைகளை, யாரும் விண்ணப்பிக்காமலேயே, அஞ்சலில் அனுப்பியது. இவ்வட்டையில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தி, மீதியை வட்டியுடன் அடுத்த மாதத்திற்குக் கொண்டுசெல்லலாம். வட்டி மாதம் 1.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 18 விழுக்காடு. இதுவே சுழல்கடன். கடைக்காரரிடம் வாங்கிய தவணைக் கடனுக்கு முடிவுத் தேதி உண்டு. சுழல்கடனுக்கு அது இல்லை.

தொடக்கத்தில் வங்கி எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கணக்குகள் வாராக்கடனாயின. எனினும் 1966 முதல் பிற மாநில வங்கிகளுக்கும் இவ்வட்டைக்கான உரிமம் வழங்கப்பட்டது. கேளாமல் அட்டை அனுப்புவதை 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை செய்தது.

3. வட்டி உச்சவரம்பின் சரிவு

1970கள் வரை வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரம் பெரிதும் மாநிலங்களிடம் இருந்தது. நெப்ராஸ்காவில் இயங்கிய ஒமாகா வங்கியொன்று, உச்சவரம்பு குறைவாக இருந்த மின்னசோட்டாவின் வாடிக்கையாளரிடம் தன் மாநில வீதத்தையே வசூலித்தது. 1978இல் மார்க்கெட் வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. தேசிய வங்கி தான் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டியைப் பிற மாநிலத்தாரிடமும் பெறலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

இதன் விளைவு விரைவாகத் தெரிந்தது. தெற்கு டகோட்டா 1980இல் உச்சவரம்பை நீக்கியது. சிட்டி வங்கி தன் அட்டைப் பிரிவை அங்குள்ள சூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றியது. டெலவேர் 1981இல் அதே வழியில் சென்றது. 1996இல் மற்றொரு தீர்ப்பு தாமதக் கட்டணத்தையும் வட்டியாகவே கருதலாம் என்றது. கடனாளி வாழும் மாநிலத்தின் சட்டம் அவருக்கு அளித்துவந்த காப்பு இவ்வாறு பயனற்றதாயிற்று.

4. குறைந்தபட்சத் தவணையின் கணக்கு

வட்டி உயர்ந்த அதே காலத்தில் குறைந்தபட்சத் தவணை தாழ்ந்தது. நிலுவையில் 5 விழுக்காடாக இருந்த தவணையைப் பல வங்கிகள் 2 விழுக்காடு வரை குறைத்தன. சலுகைபோலத் தோன்றும் இம்மாற்றம் அசல் குறையும் வேகத்தைத் தளர்த்தியது.

இன்றைய இந்தியச் சூழலுக்குப் பொருந்தும் ஒரு கணக்கு இதனை விளக்கும். நிலுவை 1,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 விழுக்காடு, வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி எனக் கொள்வோம். புதிய செலவு எதுவும் இல்லை. முதல் மாத வட்டியும் வரியும் சேர்ந்து 4,130 ரூபாய். மொத்தத்தில் 5 விழுக்காடு செலுத்தினால் தவணை ஏறத்தாழ 5,206 ரூபாய். அதில் கடனைக் குறைப்பது 1,076 ரூபாய் மட்டுமே. நிலுவை குறையக் குறையத் தவணையும் குறைவதால், ஓராண்டில் ஏறத்தாழ 58,900 ரூபாய் செலுத்திய பின்னும் கடன் 12,200 ரூபாயளவே குறைந்திருக்கும்.

அதே 5,206 ரூபாயைக் குறைக்காமல் மாதந்தோறும் செலுத்தினால் கடன் சுமார் 39 மாதங்களில் தீரும். சிக்கனத்தால் மேலும் 2,800 ரூபாய் மிச்சப்படுத்தி மாதம் 8,000 ரூபாய் செலுத்தினால் 18 மாதங்கள் போதும். கடனை ஆண்டுக்கு 18 விழுக்காட்டுத் தனிநபர் கடனுக்கு மாற்றினால், கூடுதல் சிக்கனம் இன்றியே 5,206 ரூபாய்த் தவணையில் 23 மாதங்களில் தீரும். வட்டிக் குறைப்பும் சிக்கனமும் சேர்ந்தால் 14 மாதங்களே ஆகும். சிக்கனத்தின் பயன் மெய்யானது. ஆயினும் அதன் அளவை வட்டியே வரையறுக்கிறது.

1951இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய நுகர்வோர் கடன் அறக்கட்டளையின் வழிவந்த ஆலோசனை அமைப்புகள் இவ்விரண்டையும் இணைத்தே செயற்பட்டன. கடனாளி அட்டைப் பயன்பாட்டை நிறுத்தி, வரவு செலவைத் திட்டமிட்டு, நிலையான தொகையைச் செலுத்துவார். கடன் கொடுத்தோர் வட்டியைக் குறைப்பர்.

5. 2009ஆம் ஆண்டுச் சட்டம்

2009 மே 22இல் கையொப்பமான அமெரிக்கக் கடன் அட்டைச் சட்டம் இரு வழிகளைக் கையாண்டது. ஒன்று அறிவித்தல்: குறைந்தபட்சத் தவணை மட்டும் செலுத்தினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும், 36 மாதங்களில் தீர்க்க எவ்வளவு செலுத்த வேண்டும் என்பவற்றை மாதப் பட்டியலில் அச்சிட வேண்டும். மற்றொன்று கட்டுப்படுத்தல்: கட்டணங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டது, குறைந்தபட்சத்திற்கு மேல் செலுத்தும் தொகை உயர்ந்த வட்டியுள்ள நிலுவைக்கே முதலில் சேர வேண்டும் என்றாயிற்று.

சுமித் அகர்வால் முதலிய நால்வர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கட்டண வரம்புகளால் நுகர்வோருக்கு ஆண்டுக்கு 1,190 கோடி டாலர் மிச்சமானதாக மதிப்பிட்டது. 36 மாத அறிவிப்பால் தவணையை உயர்த்தியோரின் அதிகரிப்போ ஒரு விழுக்காட்டுப் புள்ளியைக்கூட எட்டவில்லை. அறிவுரையினும் விதி வலிது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

6. இந்திய நிலை

கடனுக்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முற்பட்ட கடன்களில், அசலின் இருமடங்கைச் செலுத்திவிட்ட உழவரின் கடன் முற்றும் தீர்ந்ததாகக் கொண்டது. அட்டைக் கடனுக்கு அத்தகைய எல்லை இல்லை.

ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் அட்டை வட்டி பெறுவது நேர்மையற்ற வணிக முறை எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில், 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, தவணை செலுத்திய பின்னும் கடன் வளரும் நிலை ஏற்படாதவாறு குறைந்தபட்சத் தவணை அமைய வேண்டும் என்றது. குறைந்தபட்சம் மட்டும் செலுத்துவதன் விளைவு பற்றிய எச்சரிக்கையையும் பட்டியலில் கட்டாயமாக்கியது. எனவே நிலுவை வளர்வதற்குத் தடை உண்டு. அது மெல்லத் தேய்வதற்குத் தடையில்லை.

7. முடிவுரை

முழுத்தொகை அட்டை சுழல்கடனானது, வட்டி உச்சவரம்பு நீங்கியது, தவணை தாழ்ந்தது என்னும் மூன்று மாற்றங்களும் சேர்ந்து, சிக்கனமாக வாழ்வோரின் மிச்சத்தையும் அசலைத் தொடாமல் வட்டிக்கே திருப்பின. நிலையான தவணை, குறைந்த வட்டி, புதிய செலவின்மை ஆகிய மூன்றும் கூடும்போதே சிக்கனம் கடனடைப்பாகிறது. இவற்றுள் முதலும் கடையும் கடனாளியின் கையில் உள்ளவை. நடுவிலுள்ள வட்டி, சட்டத்தின் கையிலும் சந்தையின் கையிலும் உள்ளது. ஆகவே அட்டைக் கடனைத் தனிமனித ஒழுக்கச் சிக்கலாக மட்டும் காண்பது அதன் வரலாற்றில் பாதியை விடுத்துக் காண்பதாகும்.