பத்தடி அறையில் இல்லறம்

தம்பி! சங்ககிரிக் கோட்டையைப் பற்றிக் கேட்டால், 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் என்று தயங்காது கூறுவாய். கோட்டைக்கும் கொற்றவனுக்கும் வரலாறு உண்டு, கூலிக்கு?

சேலம், திருச்சிச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த, கடன் துரத்த, கங்காணியின் சொல்லை நம்பிக் கிளம்பிற்று ஒரு கூட்டம். மண்டபம் முகாமில் அடைபட்டு, நோய்ச் சோதனை முடித்துக் கடல் கடந்து, இலங்கைத் தேயிலைக்கு உரமாயிற்று. 1948இல், நீவிர் எம் குடிமக்கள் அல்லர் என்றது இலங்கை. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பமிட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கிட்டனர். மந்தையைப் பிரிப்பது போல! 1983இல் இனக்கலவரம் மூண்டபின் ஈழத்துத் தமிழரோடு மலையகத்தாரும் தோணியேறி வந்தனர். பாட்டன் பிறந்த நாட்டில் பேரன் அகதி.

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் உள்ளிட்டுத் தமிழகமெங்கும் எழுந்தன முகாம்கள். குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அங்கே மகனுக்குத் திருமணம் ஆகிறது. மணமக்களுக்கு இடம்? குறுக்கே ஒரு சேலை! அச்சேலைக்கு அப்பால் தாய் இருமுவாள். இப்பால் புதுமணப் பெண் பேசவும் அஞ்சுவாள். காதலைப் பாடிய புலவர் எவரும் இந்தச் சேலையைக் கண்டதில்லை. கணவன் வெளியூரில் வண்ணம் பூசப் போவான். முகாமில் 'செக்கிங்' என்றால் கூலியை விட்டு ஓடிவருவான், பெயர் வெட்டுப்படாதிருக்க. 2021இல் உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு ரூ. 1,500, பிற பெரியவர்க்கு ரூ. 1,000, சிறார்க்கு ரூ. 500 என உயர்ந்தது. 7,469 வீடுகளைக் கட்டித்தரவும் தமிழக அரசு முன்வந்தது. நன்று, மிக நன்று. ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்நாட்டுப் பிள்ளை?

புரோகிதர் இல்லாத திருமணமும் செல்லும் என்று 1967இல் சட்டம் செய்த மாநிலம் இது. முகாம் மங்கையைச் சங்ககிரி இளைஞன் ஒருவன் மாலை மாற்றி மணப்பதாக வைத்துக்கொள். மணம் செல்லும். மகவு? 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பெற்றோருள் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி எனக் கொள்ளப்பட்டால், மற்றவர் இந்தியராயினும் பிள்ளை இந்தியரன்று. தந்தையின் வாக்குரிமை தொட்டில்வரை எட்டாது. இலங்கைக் குடியுரிமை வேண்டுமெனில், சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். காணாத நாட்டுக்குக் கையொப்பம்! 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளைப் பெயரிட்டு அழைத்தது. அவற்றுள் இலங்கை இல்லை.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்னும் சட்டம் அவருக்குத் துணை நின்றது. 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணை பிறந்தது, 2024இல் வாக்களித்தார். அதே முகாமில், அதே வறுமையில், அந்த நாளுக்குப் பின் பிறந்தவர்களும் இன்று தாய்தந்தையராகிவிட்டனர்.