காகிதம் சிற்பமான கதை



கைவினைக் கலைகள் பற்றி அண்மையில் நாங்கள் நடத்திய கலந்துரையாடலில் தந்தை ஒருவர் எழுந்து, "காகிதம் மடிப்பதெல்லாம் பாலர் பள்ளியோடு முடிந்துபோக வேண்டிய விளையாட்டுத்தானே?" என்று கேட்டார். நேரம் போதாததால் அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை ஒரு மனிதரின் வரலாற்றோடு இங்கே தருகிறேன்.

அகிரா யோஷிசாவா 1911 மார்ச் 14-ஆம் தேதி ஜப்பானின் தொச்சிகி வட்டாரத்தில் பிறந்தவர். 13 வயதில் தோக்கியோ தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அங்கு இளம் தொழிலாளர்களுக்கு வடிவியல் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோது, காகித மடிப்பைக் கொண்டே அதை விளக்கினார். 1937-இல் வேலையை விட்டுவிட்டு இக்கலையில் முழுமூச்சாக இறங்கினார். வறுமை அவரை விடவில்லை. வீடு வீடாகச் சென்று தொடுகறி விற்றுப் பிழைத்த காலமும் உண்டு.

1951-இல் 'அசாஹி கிராஃப்' இதழ் அவரிடம் 12 ராசி விலங்குகளை மடித்துத் தரக் கேட்டது. சீனப் புத்தாண்டில் நாம் காணும் விலங்குகள்தாம் ஏறக்குறைய அவையும். 1952 ஜனவரியில் படங்கள் வெளிவந்தன. நாற்பது வயதில் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. 1955-இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவர் செய்த புதுமைதான் என்ன? காகிதத்தை ஈரமாக்கி மடித்தார்! வெறும் காகிதத்தை நனைத்தால் கிழிந்துவிடுமே என்பீர்கள். உண்மைதான். நானும் சாதாரண ஏ4 தாளை நனைத்து மடித்துப் பார்த்தேன். நான்காவது மடிப்பிலேயே மூலை பிய்ந்து கையோடு வந்தது.

சூட்சுமம் தாளில் கலந்துள்ள பசையில் இருக்கிறது. வேட்டிக்குக் கஞ்சி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் கஞ்சி இளகும், காய்ந்தால் விறைக்கும். பசை ஏறிய தடித்த தாளும் அப்படியே. ஈரத் துணியால் இலேசாக ஒற்றி எடுத்தால் அது தோல்போல் வளையும். காய்ந்ததும் வளைவு அப்படியே நிற்கும். கூர்மையான கோடுகளுக்குப் பதிலாக யானையின் முதுகும் பறவையின் மார்பும் உருண்டு திரண்டு வருவது இதனால்தான்.

ஆகவே, தாளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. கோசோ எனும் காகித மல்பெரி மரப்பட்டையில் செய்யும் ஜப்பானியக் கைத்தாளின் நார் நீளமானது. பலமுறை மடித்தாலும் எளிதில் விட்டுப்போகாது. அதில் பசை குறைவாக இருந்தால் மெத்தில் செல்லுலோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசி, பலகையில் விரித்துக் காயவைப்பார்கள். அதே பசையால் இரண்டு மெல்லிய தாள்களை ஒட்டினால், இருபுறமும் இரு நிறம் கிடைக்கும். இயந்திரத்தில் செய்த தாள் நனைந்தால் ஒரு பக்கம் அதிகமாக விரியும். அதனால் அனுபவசாலிகள் தாளை ஈரமாக்கிய பிறகே சதுரமாக வெட்டுகிறார்கள். முடிந்த உருவத்தைக் கவ்விகளால் பிடித்து நன்றாக உலரவிட வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இதற்குக் கூடுதல் பொறுமை தேவை.

இந்த வழியில் பின்னாளில் பலர் நடந்தார்கள். களிமண்ணும் கல்லும் கையாண்ட பிரெஞ்சுச் சிற்பி எரிக் ஜுவாசெல் காகிதத்துக்கு வந்து, 2010-இல் மறையும்வரை அதிலேயே மனித முகங்களை வடித்தார்.

யோஷிசாவாவுக்கு 1983-இல் ஜப்பானின் உதய சூரியன் விருது கிடைத்தது. 2005-இல், தமது 94-ஆவது பிறந்தநாளன்றே அவர் கண்மூடினார்.

கேள்வி கேட்ட அன்பருக்கு என் பதில் இதுதான்: விளையாட்டு என்று நாம் ஒதுக்கிய ஒன்றை ஒருவர் பாதியில் விடாமல் பற்றிக்கொண்டார், அது கலையாயிற்று. உங்கள் பிள்ளை நாளை ஒரு தாளை மடித்துக்கொண்டிருந்தால், பிடுங்கிவிடாதீர்கள். இன்னும் நல்ல தாளாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.