பழைய பத்திரங்களில் நம் முன்னோர் தொழில்

நம் இல்லங்கள் பலவற்றில் பழைய பிறப்பு, இறப்புப் பத்திரங்கள் உள்ளன. அவற்றில் பெயரையும் தேதியையும் தேடும் நாம், 'தொழில்' என்னும் கட்டத்தைக் கருதாமல் கடந்துவிடுகிறோம். மலாயாக் காலத்தில் அக்கட்டத்தை எழுத்தர்கள் ஆங்கிலக் கூட்டெழுத்தில் நிரப்பினர். மை மங்கிய இந்நாளில் அதனைப் படித்தறிவது எளிதன்று.

என் கொள்ளுப் பாட்டியார் போருக்கு முன் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் காலமானவர். அவரது இறப்புப் பத்திரத்தில் தொழில் 'வெல்டர்' என்று படித்துத் திகைத்தேன். ரப்பர்த் தோட்டத்துப் பெண்மணி இரும்பைப் பற்றவைத்தாரா? ஆங்கிலக் கூட்டெழுத்தில் 'இ', 'எல்' இரண்டும் ஒரே வகைச் சுழிகள், உயரமே வேறுபாடு. அதே எழுத்தர் எழுதிய 'சிலாங்கூர்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றன. ஒப்பிட்டேன். ஐயத்திற்குரிய எழுத்து குட்டையானது. ஆகவே அச்சொல் 'வீடர்', களை எடுப்பவர். நம் தோட்ட வழக்கில் வெளிக்காட்டு வேலை!

எழுத்துத் தெளிந்தாலும் பொருள் மயக்கக்கூடும். 'டிரெசர்' ஆடை தொடர்பானவர் அல்லர். தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்தவர். தோட்டத்துக் 'கண்டக்டர்' பேருந்தில் சீட்டுக் கொடுத்தவர் அல்லர், வேலைக்காட்டை மேற்பார்த்தவர். 'சைஸ்' முதலில் குதிரைக்காரரையும், பின்னர் மோட்டார் ஓட்டுநரையும் குறித்தது. 'தண்டல்' என்பவர் வேலையாள் குழுவின் தலைவர். 'எப்.எம்.எஸ்.ஆர்.' என்னும் எழுத்துகள் 1901இல் அமைந்த மலாய்க் கூட்டு மாநில இரயில்வேயைச் சுட்டும்.

மிகுதியாகக் காணப்படும் சொல் 'கூலி'. ஒப்பந்த முறையில் 1910 வரையிலும், கங்காணி முறையில் 1938 வரையிலும் இங்கு வந்த நம்மவர் பலருக்கு அதுவே எழுதப்பட்டது. உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல், மனிதரைத் தாழ்த்தும் பெயராயிற்று. குடும்ப வரலாறு எழுதுவோர் சிலர் நாணி அதனை விட்டுவிடுகின்றனர். அது முறையன்று. அவர்கள் ஈட்டிய வெள்ளியில்தான் தோட்டந்தோறும் கோயில்கள் எழுந்தன. நம் கல்விக்கும் அதுவே முதல்.

என் பிள்ளைகளுக்கென வரைந்த குடும்பக் கொடியில், கொள்ளுப் பாட்டியார் பெயரின்கீழ் 'களை எடுத்தவர்' என்றே எழுதியுள்ளேன். தங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். படிக்கத் துணைபுரியும் மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுதி வைப்போமாக.