வாழைப்பழ வழக்கு

இரண்டு பேருக்குள் கடன் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். தோற்றவன் பணம் கட்ட மறுத்தால் அமீனா வருவார். பண்ட பாத்திரங்கள் ஜப்தியாகும். இரண்டு நாடுகளுக்குள் வாணிபத் தகராறு மூண்டால் எந்த அமீனாவை அழைப்பது? மாணவர்களே, இதற்கு விடை காண, வாழைப்பழத்தை முன்னிட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்த ஒரு வழக்கின் கதையைச் சொல்கிறேன்.

பிரிட்டனும் பிரான்சும் தம் பழைய குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த பழங்களுக்கு நெடுங்காலம் சலுகை காட்டி வந்தன. ஜெர்மனியோ, 1957-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையில் ஒரு தனி இணைப்பையே சேர்த்துக்கொண்டு, சுங்கவரியின்றிப் பழம் தருவித்தது. ஒரு கண்டத்தை ஒன்றுசேர்க்க எழுதப்பட்ட சாசனத்தில் வாழைப்பழத்துக்கென்று ஒரு தனி ஏடு! 1993 ஜூலை முதல் நாள் ஐரோப்பியச் சமூகம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. நடு அமெரிக்க, தென் அமெரிக்கப் பழத்துக்கு ஆண்டுக்கு இருபது லட்சம் டன் என்று அளவு கட்டினார்கள். அதற்கு மேற்பட்டதன்மீது கடும் வரி விதித்தார்கள்.

இதைக் கொடுமை என்று உடனே சொல்லிவிட முடியாது. டொமினிக்கா, செயின்ட் லூசியா போன்ற கரிபியத் தீவுகளில் மலைச்சரிவுத் துண்டு நிலங்களில் வாழை பயிரிட்ட ஏழைக் குடியானவர்களுக்கு அந்தச் சலுகையே சோறு. ஈக்குவடாரின் பெருந்தோட்டங்களோடு அவர்கள் விலையில் போட்டியிட இயலாது. ஆயினும் ஈக்குவடாரின் தோட்டத் தொழிலாளியும் ஏழைதானே!

அப்போது நடைமுறையில் இருந்தது ‘காட்’ எனப்பட்ட பொது ஒப்பந்தம். அதன் நடுவர்கள் 1993-இலும் 1994-இலும் ஐரோப்பாவுக்கு எதிராகவே முடிவு கூறினர். ஆனால் அம்முடிவு செல்லுபடியாக, தோற்ற கட்சி உட்பட அனைவரும் இசைய வேண்டும். பிரதிவாதி கையொப்பமிட்டால்தான் தீர்ப்பு என்றால் எவன் கையொப்பமிடுவான்? இரு அறிக்கைகளும் ஏற்கப்படாமலே கிடந்தன.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியதும் இம்முறை தலைகீழாயிற்று: வென்றவர் உட்பட அனைவரும் சேர்ந்து மறுத்தாலன்றித் தீர்ப்பு நிற்கும். மேல்முறையீட்டு மன்றமும் ஏற்பட்டது. 1996-இல் ஈக்குவடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகியவற்றோடு அமெரிக்க ஐக்கிய நாடும் வழக்குத் தொடுத்தது. தன் மண்ணில் விளைந்த பழத்துக்காக அன்று. சிக்கிட்டா முதலிய தன் கம்பெனிகளின் வாணிபத்துக்காக. 1997-இல் மேல்முறையீட்டிலும் ஐரோப்பா தோற்றது. விதியைச் சிறிது மாற்றிப் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டது.

இங்கேதான் அமீனா இல்லாத குறை தெரிகிறது. ஜெனீவா மன்றம் யாரையும் ஜப்தி செய்யாது. தோற்றவரின் சரக்குகள்மீது பதில் வரி விதித்துக்கொள்ள வென்றவருக்கு அனுமதி தரும், அவ்வளவே. 1999-இல் அமெரிக்கா 19 கோடியே 14 லட்சம் டாலர் அளவுக்கு அவ்வுரிமை பெற்று, கைப்பைகள், படுக்கை விரிப்புகள், குளியல் பொருள்கள் முதலியவற்றின்மீது நூறு சதவீத வரி போட்டது. வாழைப்பழத்தைக் கண்ணாலும் பார்க்காத ஐரோப்பியக் கைப்பை வியாபாரி அபராதம் கட்டினார்.

உலகிலேயே மிகுதியாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் ஈக்குவடாருக்கு 2000-இல் இன்னும் அதிகமாக, 20 கோடியே 16 லட்சம் டாலருக்கு அனுமதி கிடைத்தது. அதை அந்நாடு பயன்படுத்தவே இல்லை. ஐரோப்பிய இயந்திரத்துக்கும் மருந்துக்கும் வரியை ஏற்றினால் விலை கொடுப்பவர் யார்? ஈக்குவடார் மக்கள்தாமே! ஒரே தீர்ப்பு, பெரியவன் கையில் வாளாயிற்று. சிறியவன் கையில் காகிதமாயிற்று.

2009 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. டன்னுக்கு 176 யூரோவாக இருந்த வரியைப் படிப்படியாக 114 ஆக்க ஐரோப்பா இசைந்தது. 2012 நவம்பரில் வழக்குகள் முறைப்படி முடிந்தன. அதற்குள் கரிபியத் தீவுகளில் எத்தனையோ குடியானவர்கள் வாழையைக் கைவிட்டிருந்தார்கள்.

அந்த மேல்முறையீட்டு மன்றத்துக்கு நீதிபதிகள் எழுவர்; ஒரு வழக்குக்கு மூவர் வேண்டும். புதியவர் நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்தமையால் 2019 டிசம்பரில் ஒருவரே எஞ்சினார். தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டால் தீர்ப்பு அந்தரத்தில் நிற்கும் நிலை, அதாவது பழைய ‘காட்’ காலத்து நிலை, வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2021 டிசம்பரில், நம் கரும்புச் சர்க்கரை மானியங்களைக் குறித்து ஆஸ்திரேலியா, பிரேசில், குவாத்தமாலா ஆகியவை தொடுத்த வழக்கில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வாழைப்பழ வழக்கில் வென்ற அதே குவாத்தமாலா! நாமும் மேல்முறையீடு செய்தோம், நீதிபதி ஒருவரும் இல்லாத அந்த மன்றத்திடம்.