பாரும் பாசியும்: பாம்பன் கடலில் தொழில்கள் மாறிய கதை

பார் என்னும் சொல்லுக்கு உலகம், நிலம் என்று பொருள் கூறுவதே நம் வகுப்பறை வழக்கம். பாம்பன் தீவின் கடற்றொழிலாளர் வழக்கில் அதன் பொருள் வேறு. கடலடியில் பாறையும் பவளமும் திரண்டு கிடக்கும் இடமே அவர்களுக்குப் பார். முத்துச்சிப்பி விளையுமிடம் முத்துப்பார். உழவனுக்கு வயல் எப்படியோ, இவர்களுக்குப் பார் அப்படி. ஆனால் அந்த வயலில் எதை அறுப்பது என்பதைப் பெரும்பாலும் வேறு எவரோதாம் தீர்மானித்து வந்துள்ளனர்.

சங்கப் பாடல்கள் போற்றும் கொற்கை முத்து இக்கடல் தந்ததே. முத்துக் குளிப்பும் சங்கு குளிப்பும் நெடுங்காலம் ஆட்சியாளரின் உரிமையாகவே இருந்தன; மூச்சடக்கி மூழ்கியவருக்குக் கிடைத்தது கூலியோ பங்கோதான். இங்கு எடுத்த சங்கு வங்கத்துப் பெண்களின் கைவளையாயிற்று. அந்த வணிகத்தை ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக் குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது.

முத்து ஓய்ந்தபின் பாரே சரக்காயிற்று. பவளக் கற்களை வெட்டி வள்ளங்களில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் விற்றனர். வெட்டியவர்களை மட்டும் குறை கூறுவது எளிது. வாங்கியவர்கள் கரையில் இருந்தார்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்த பவளத்தை வெட்டியதே அதற்கு முதன்மைக் காரணம் என்பர் ஆய்வாளர். இதே காலத்தில் விசைப்படகுகளும் பெருகின. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள கடலை நாட்டுப் படகுகளுக்கென 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. விசைப்படகுகள் அந்த எல்லையை எவ்வளவு மதித்தன என்பதை வள்ளக்காரரிடம் கேட்டாலே போதும்.

1986இல் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பல நூற்றாண்டுகளாகச் சீனச் சந்தைக்குச் சென்ற கடல் அட்டையை எடுப்பது அத்துடன் குற்றமாயிற்று. பவளத்துக்குக் காவல் தேவைதான்; இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் காவலின் சுமை பெரும் விசைப்படகுகளைவிடப் பாசி எடுக்கும் பெண்கள் மீதே மிகுதியாக இறங்கியது.

1960களில் வணிகமாக வளர்ந்த இப்பாசித் தொழில், முன்னர்ச் சொன்ன தொழில்கள் போலன்றிப் பெரும்பாலும் பெண்களுடையது. சேலைமேல் ஆண்சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, படகில் தீவருகே சென்று மூச்சடக்கி மூழ்குவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்பன அவர்கள் இட்ட பெயர்கள். நாம் தலையில் சூடும் மணச்செடியின் பெயரைக் கடலடிச் செடிக்குச் சூட்டிய அந்தக் கற்பனையை வியக்கிறேன். வனத்துறை தடுத்தபோது இப்பெண்கள் கூடிப் பேசினர். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் ஓய்வு விடுவது, பவளத்தைச் சுரண்டும் கருவிகளைக் கைவிடுவது எனத் தமக்குத் தாமே வரம்பு வகுத்தனர். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

இதற்கிடையே வெளியிலிருந்து கொண்டுவந்த காப்பாபைக்கஸ் என்னும் பாசியை மிதவைகளில் வளர்க்கும் தொழிலும் மாற்று வாழ்வாதாரமாகப் புகுந்தது. அது குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்துவிட்டதை 2008இல் ஆய்வாளர் அறிவித்தனர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் மரிக்கொழுந்துப் பாசி எடுத்த பெண்களால் வந்ததன்று.

ஒருமுறை மாணவியருடன் பாம்பன் சென்றிருந்தேன். கரையேறிய மூதாட்டி ஒருவர் விரல் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தார். ஏழு வயதில் தம் தாயோடு கடலில் இறங்கியதாகச் சொன்னார். "உங்கள் மகளும் வருகிறாளா அம்மா?" என்று மாணவி கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். நனைந்த துணிகளைப் பாசிமூட்டையின்மேல் காயப் போட்டார்.