மாமியார் உடைத்தால் மண்குடம்: கலிபோர்னியாவில் 1967இல் நடந்த கதை

அமெரிக்காவில் எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துவக்குச் சூடு நடந்த செய்தி ரீவியில் வந்தால், அன்றைக்கு எங்கள் சங்க மண்டபத்தில் தேநீரோடு அதே கதைதான். "உவங்களுக்கென்ன விசரோ? சந்தையில மரக்கறி வாங்கிற மாதிரித் துவக்கு வாங்கிறாங்கள்" என்பார் ஒருவர். "இல்லை அண்ணை, அது அவங்கட யாப்பில இருக்கிற உரிமை. சனத்திட்டயும் ஆயுதம் இருந்தால்தான் அரசாங்கம் பயந்து நடக்கும்" என்பார் மற்றவர். இரண்டு பேருமே ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தான். தேநீர் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

துவக்கு நல்லதா கெட்டதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த நாட்டின் சரித்திரத்தில் இருந்து வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். "இது எல்லோருக்குமான உரிமை" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த "எல்லோரும்" யார்? எனக்குப் பிடிக்காதவன் வந்து அதே உரிமையைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

எழுத்தில் இருந்த உரிமை

அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்று அது சொல்கிறது. அதே வசனத்தில் குடிப்படை பற்றியும் பேசுவதால், உரிமை தனி மனிதனுக்கா குடிப்படைக்கா என்ற பிணக்கு நெடுங்காலம் இருந்து வந்தது. தற்பாதுகாப்புக்காக வீட்டில் கைத்துவக்கு வைத்திருக்கத் தனி மனிதனுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008இல்தான். அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

ஆனால் கறுப்பின மக்களைப் பொறுத்தவரை பிணக்கு வேறு. 1857இல் ட்ரெட் ஸ்கொட் என்ற அடிமை தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கில், கறுப்பர்கள் அமெரிக்கப் பிரசைகளாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. தலைமை நீதியரசர் ரோனி அதற்குக் காட்டிய நியாயங்களில் ஒன்றைக் கேளுங்கள். அவர்களைப் பிரசைகள் என்று ஏற்றால், அவர்கள் சுதந்திரமாகப் பேசவும், கூட்டம் கூடவும், போகுமிடமெல்லாம் ஆயுதம் கொண்டு போகவும் விட வேண்டி வருமாம்! இவையெல்லாம் பிரசையின் உரிமைகள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தபடியால்தான் கதவைச் சாத்தினார்.

உள்நாட்டு யுத்தம் 1865இல் முடிந்தது. அடிமைகள் விடுதலையானார்கள். அதே ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர்கள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இப்படியான அநியாயங்களைத் தடுக்க 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது. 1873இல் லூசியானாவின் கொல்பக்ஸ் என்ற ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று ஏராளமான கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. அந்த வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம், கூட்டம் கூடும் உரிமையும் ஆயுத உரிமையும் மத்திய அரசாங்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று சொல்லிக் கைகழுவி விட்டது.

இன்னும் எண்பது வருடம் கழித்து, 1956 ஜனவரியில், அலபாமாவின் மொன்ற்கொமரி நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அவர் துவக்கு கொண்டு செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அதிகாரிகள் மறுத்து விட்டார்கள். அகிம்சையின் பாதையை முழுதாக வரித்துக் கொண்ட கிங்கைத்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு முன், பச்சைப் பிள்ளையின் தகப்பனாக அவர் ஒரு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து வெறுங்கையோடு திரும்பிய கதை பலருக்குத் தெரியாது.

சட்டசபைக்குள் துவக்கோடு

1966 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தில் ஹியூ நியூட்டன், பொபி சீல் என்ற இரண்டு இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். நியூட்டன் சட்டம் படித்தவர். நிரப்பிய துவக்கை மறைக்காமல் வெளிப்படையாக வீதியில் கொண்டு திரிவது அன்றைய கலிபோர்னியாவில் குற்றமில்லை என்று அவர் கண்டுபிடித்தார். பொலிசார் கறுப்பர்களை வீதியில் மறித்துச் சோதிக்கும் இடங்களுக்கு இவர்கள் துவக்கோடும் சட்டப் புத்தகத்தோடும் போனார்கள். சட்டம் சொன்ன தூரத்தில் நின்று பார்த்தார்கள். மறிக்கப்பட்டவருக்கு அவரது உரிமைகளை உரத்து வாசித்துக் காட்டினார்கள். சோதனைச் சாவடியில் கைகட்டி நின்ற எங்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். பொலிசாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் விளங்கும்.

உடனே டொன் மல்பேர்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், நிரப்பிய துவக்கைப் பொது இடத்தில் கொண்டு திரிவதைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். இரண்டு கட்சிகளும் ஆதரித்தன. துவக்கு உரிமைக்காக இன்று மலைபோல நிற்கும் தேசிய றைபிள் சங்கமும் அன்று அதை ஆதரித்தது!

1967 மே 2ஆம் திகதி, 24 ஆண்களும் 6 பெண்களுமாக 30 பேர் தலைநகர் சக்கரமென்ரோவுக்குப் போனார்கள். பலரின் கையில் துவக்கு. ஆளுநர் ரொனால்ட் றேகன் அந்த நேரம் சட்டசபைப் புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றார். வந்தவர்கள் நேரே கட்டிடத்துக்குள் போனார்கள். ஒருவரையும் சுடவில்லை. பொபி சீல் அறிக்கை ஒன்றை வாசித்தார். படங்கள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தன.

ஒரு பிரசை நிரப்பிய துவக்கோடு தெருவில் திரிவதற்கு எந்தக் காரணமும் தனக்குத் தெரியவில்லை என்று அன்று பத்திரிகையாளர்களிடம் சொன்னவர் றேகன். யூலை 28ஆம் திகதி அவர் கையெழுத்திட, மசோதா சட்டமாயிற்று.

பிறகு காலம் மாறியது. 1977இல் றைபிள் சங்கத்தின் சின்சினாட்டி மாநாட்டில், எந்தக் கட்டுப்பாட்டையும் விரும்பாத பிரிவு தலைமையைக் கைப்பற்றியது. 1980இல் அந்தச் சங்கம் முதன்முறையாக ஒரு சனாதிபதி வேட்பாளருக்கு ஆதரவு அறிவித்தது. அந்த வேட்பாளர் யார்? அதே றேகன்! 1986இல் துவக்கு வைத்திருப்போரைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. 1981இல் தானே சூடு வாங்கியவர், 1991இல் துவக்கு வாங்குவோரைப் பரிசோதிக்கும் சட்டத்தை ஆதரித்தும் எழுதினார். மனிதன் மனம் மாறுவதில் பிழையில்லை. ஆனால் எந்த முகத்தைக் கண்டு மாறுகிறான் என்பதைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று எங்கள் ஆச்சிமார் சும்மா சொல்லவில்லை.

மற்றப் பக்கமும் சுத்தமில்லை. பொலிசார் கறுப்பர்களிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று ஒரு வாயால் சொல்பவர்கள், துவக்கு அனுமதியை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை அதே பொலிசாரிடம் விடலாம் என்று மறு வாயால் சொன்னார்கள். நியூயோர்க்கில் 1911இலிருந்து அப்படி ஒரு சட்டம் இருந்தது. அது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஏழைகளுக்காக வாதாடும் அந்நகரச் சட்டத்தரணிகள் சிலர் துவக்குக்காரர்களின் பக்கம் நின்று மனுக் கொடுத்தார்கள். இந்தச் சட்டத்தால் சிறைக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு, மண்ணிற இளைஞர்களே என்றார்கள். 2022இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. நல்லதோ கெட்டதோ, சட்டம் யாருடைய முதுகில் விழுகிறது என்று பார்த்தவர்கள் அந்தச் சட்டத்தரணிகள்.

எதிரிக்கும் ஒரு சட்டத்தரணி

இப்படித் தடுமாறாமல் நின்றவர்களும் உண்டு. 1977இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக ஒரு சிறு நாசிக் கூட்டம் அனுமதி கேட்டது. அந்த ஊரில் வாழ்ந்தவர்களில் பெருந்தொகையானோர் யூதர்கள், அவர்களிலும் பலர் ஹிட்லரின் முகாம்களில் இருந்து தப்பி வந்தவர்கள். ஊர்ச் சபை தடுத்தது. நாசிகளின் பேச்சுரிமைக்காக வழக்காடியது அமெரிக்கக் குடியியல் சுதந்திரச் சங்கம். அதன் நிறைவேற்றுப் பணிப்பாளர் ஆர்யே நையர், 1937இல் பேர்லினில் பிறந்த யூதர். குழந்தையாக அகதியாய் ஓடியவர். உறவினர்களை நாசிகளிடம் இழந்தவர். அதிகாரத்துக்குக் கடிவாளம் இருந்தால்தான் சிறுபான்மைக்குப் பாதுகாப்பு, அந்தக் கடிவாளத்தை இன்று நாசிக்காக அவிழ்த்தால் நாளை எங்களுக்கும் அது இராது என்பது அவரது வாதம். வழக்கு 1978இல் வெல்லப்பட்டது. ஆனால் கோபத்தில் சங்கத்தை விட்டு விலகிய அங்கத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அந்தச் சங்கமும் தவறாத சங்கமல்ல. 1940இல் தன் சொந்த நிர்வாக சபை உறுப்பினர் ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்பதற்காகவே வெளியேற்றிவிட்டு, 1976இல்தான் அந்த முடிவை ரத்துச் செய்தது. ஆனால் 2024இல் நடந்ததைப் பாருங்கள். நியூயோர்க் அதிகாரி ஒருவர் காப்புறுதிக் கம்பனிகளை நெருக்கி, றைபிள் சங்கத்தோடு உறவை முறிக்கச் செய்தார் என்பது வழக்கு. றைபிள் சங்கத்தின் கொள்கையைக் கடுமையாக எதிர்க்கும் இதே குடியியல் சுதந்திரச் சங்கம்தான் உச்ச நீதிமன்றத்தில் அதற்காக வாதாடியது. ஒன்பது நீதியரசர்களும் ஒரே குரலில் றைபிள் சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள்.

எங்கள் முற்றத்தில்

"சரி, உந்த அமெரிக்கக் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். 2010 யூனில் அதே உச்ச நீதிமன்றம் எங்களையும் தொட்டது. தடை செய்யப்பட்டிருந்த குர்திஷ் அமைப்புக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சட்ட வழியாகவும் சமாதான வழியாகவும் பிணக்குத் தீர்ப்பது பற்றி ஆலோசனை சொல்லலாமா என்று சில மனித உரிமையாளர்களும் தமிழ் அமைப்புகளும் கேட்டிருந்தார்கள். அந்த அமைப்புகளோடு சேர்ந்து அப்படிச் செய்வதையும் குற்றமாக்கலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சமாதானம் பேசச் சொல்லிக் கொடுப்பதும் குற்றமா என்று எங்களில் பலர் கொதித்தோம். கொதித்தது நியாயம்.

1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எங்கள் பிள்ளைகளை விசாரணையில்லாமல் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்க வழி செய்தது. அதைச் சொல்லித்தான் நாங்கள் இந்த நாடுகளில் அகதி விண்ணப்பம் எழுதினோம். அதுவும் நியாயம்.

ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேல், புலிகளின் கட்டளையால், பிறந்த மண்ணை விட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகதெரு ஒரு பின்னேரத்தில் வெறுமையானது. அப்போது எங்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நானும் திறக்கவில்லை. பயம் என்று ஒரு காரணம் சொன்னேன். பயமில்லாத இந்தத் தேசத்துக்கு வந்த பிறகும் பல வருடம் திறக்கவில்லை. அதற்கு என்ன காரணம் சொல்வது? எங்கள் மண்டபங்களில் மாறுபட்ட கருத்துச் சொன்னவரைத் துரோகி என்று ஒதுக்கியபோது, பேச்சுரிமை என்ற சொல் எங்கள் நாவில் எங்கே போனது?

உரிமை பற்றிய பேச்சில் ஒரு தராசுதான் இருக்கலாம். எனக்கு வேண்டியவனை வைக்கும்போது ஒரு படி, வேண்டாதவனை வைக்கும்போது இன்னொரு படி என்றால் அது வியாபாரம். றேகனைப் பார்த்துச் சிரிப்பது சுகம். எங்கள் வீட்டுத் தராசைத் துடைத்துப் பார்ப்பது கஷ்டம்.

சித்திரை பிறக்கிறது. மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, பழையதைக் கழித்துப் புதியதை உடுக்கும் நாள். கைவிசேசம் கொடுக்கும்போது உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். துவக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். என்ன முடிவு செய்தாலும், அதைத் தனக்குப் பிடிக்காதவனுக்கும் ஒரே மாதிரிச் சொல்லப் பழகட்டும்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.