தரவுத்தளத்தில் அளவீட்டு அலகுகள்

அளவீட்டு மதிப்பு என்பது ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்ததாகும். "5" என்பது வெறும் எண். "5 கிலோகிராம்" என்பதே அளவீடு. தரவுத்தளங்களின் எண்வகைப் புலங்கள் பொதுவாக எண்ணை மட்டுமே ஏற்கின்றன. எனவே அலகை எவ்வாறு பதிவது என்பதை வடிவமைப்பாளரே முடிவு செய்யவேண்டும்.

சேமிக்கும் முறைகள்

1. ஒரே உரைப் புலம்: எண்ணும் அலகும் சேர்த்து எழுதப்படும். படிக்க எளிது. ஆனால் உரையாக வரிசைப்படுத்தினால் "10 கி.கி." என்பது "5 கி.கி." என்பதற்கு முன்னால் வரும், நேரடியாகக் கூட்டவும் இயலாது.

2. நிலையான அலகு: எல்லா நீளங்களும் மீட்டருக்கு மாற்றப்பட்டே சேமிக்கப்படும். ஒப்பிடுதல் எளிது, ஆனால் முதலில் அளந்த அலகு எது என்பது மறைந்துவிடும்.

3. இரு புலங்கள்: எண் ஒன்றிலும் அலகுக் குறி மற்றொன்றிலும் இடம்பெறும். மூல அளவீடு காக்கப்படும். ஒப்பிடுவதற்கு மாற்றுக் காரணிகளின் அட்டவணை தேவை.

இரண்டாம், மூன்றாம் முறைகளை இணைத்தும் பயன்படுத்துவர்.

மாற்றலும் காட்சிப்படுத்தலும்

1 அங்குலம் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர்; இங்குப் பெருக்கல் போதும். பாரன்ஹீட்டைச் செல்சியசுக்கு மாற்ற, 32 ஐக் கழித்தபின் 5/9 ஆல் பெருக்கவேண்டும். 6 அடி என்பது 1.8288 மீட்டர், திரையில் 1.83 எனக் காட்டலாம். முழுமையாக்கலைக் காட்சியின்போது மட்டும் செய்வதே நன்று. சேமித்த மதிப்பை முழுமையாக்கினால் பிழை அடுத்தடுத்த கணக்குகளில் பெருகக்கூடும்.

குருதிச் சர்க்கரை இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும், பிரித்தானியாவில் லிட்டருக்கு மில்லிமோலிலும் குறிக்கப்படுகிறது. முன்னதில் 126 என்பது பின்னதில் 7.0 ஆகும். அலகின்றி "7" என மட்டும் பதிந்தால், அது உயிருக்கு ஆபத்தான தாழ்நிலை எனத் தவறாகக் கொள்ளப்படலாம்.

அலகுப் பிழையின் விளைவுகள்

1983 சூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 வானூர்தி நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் தரையிறங்கியது. லிட்டருக்குக் கிலோகிராமில் கொள்ளவேண்டிய அடர்த்திக்குப் பதிலாக, பவுண்டுக்கான 1.77 என்ற எண் பயன்படுத்தப்பட்டதால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே இருந்தது. உயிரிழப்பு ஏற்படவில்லை.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் இழக்கப்பட்டது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் தந்த மதிப்புகளை மற்றொன்று நியூட்டன் நொடியாகக் கொண்டதே காரணம்; இவ்விரு அலகுகளும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபடுவன.